கடிதம் எழுத யார் இருப்பார்கள்?

மே மாதம் வந்தால் பெற்றோர்கள் மதிப்பெண் பட்டியலோடு வந்துவிடுவார்கள். "எந்தக் காலேஜ் சார் நல்லது?" சென்னையில் இருபது வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைக்கு மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று எண்ணமிருந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூன்று வருடம் கழித்து இவளைப் பற்றி ஒரு பக்கம் எழுத அங்கே யார் இருப்பார்கள்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் பிஎச்.டி.க்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல மதிப்பெண். எழுத உட்கார்ந்தபோதுதான், எழுபது பேர் வகுப்பில் அவள் மூன்றாவது வரிசை என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்று புரிந்தது. ஒரு சோதனை தவறிப்போனால் அவள் என்ன செய்வாள்? அதைத்தான் அந்தப் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. அந்தக் கடிதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போனால் நேராகத் துறைக்குப் போங்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சீனியர்களைப் பிடித்து, கருவிகளைத் தொடவிடுகிறார்களா, கடைசி வருட புராஜெக்டில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று விசாரியுங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை அடையாறு சி.எல்.ஆர்.ஐ. என்ற தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ ஐ.ஐ.டி.க்கோ அனுப்ப மெனக்கெடும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், கல்லூரிக்குப் பெரிய பெயர் இல்லாவிட்டாலும் தயங்காமல் சேர்ப்பேன்.

அப்புறம் துணைப்பாடம். வேதியியலோடு கணிதம் வருகிறதா, விலங்கியல் வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு குவாண்டம் வேதியியல் பக்கம் போக நினைக்கும்போது கணிதம் இல்லாமல் திண்டாட்டம்.

கணக்கு இன்னொன்று. நம்மூர் பி.எஸ்சி. பெரும்பாலும் மூன்று வருடம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் வாங்கியவர் நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், மூன்று வருடக்காரருக்கு எம்.எஸ்சி. வேண்டும். அதை ஐ.ஐ.டி.யில் படிக்க ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது பிப்ரவரியில், மூன்றாம் வருடப் பாடம் முடியுமுன்னே வந்துவிடும். மனப்பாடம் அங்கே உதவாது.

தூரத்தையும் பாருங்கள். கல்லூரி பஸ் மூன்றரைக்குக் கிளம்பிவிடும், வீடு இரண்டு மணி நேரத் தொலைவு என்றால், வகுப்பு முடிந்தபின் பிள்ளை ஆய்வுக்கூடத்தில் நிற்க முடியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த மாணவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் அங்கே நின்றவர்கள்தான்.