திரையில் பாய்ந்த காரும் மலையில் இறங்கும் காரும்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கராஜை இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் பிறந்ததும் ஒரே வகையான வேலைகள் வாசலுக்கு வரத் தொடங்கிவிடும். சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போவதற்கு முன் காரைத் தாழ்த்த வேண்டும், பெரிய அலோய் வீல் போட வேண்டும், சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் எழுப்பும் குழாயைப் பூட்ட வேண்டும், அடியில் நீல விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டு வருகிற தம்பிமாரில் பலரது தொலைபேசியில் ஏதாவது ஒரு படக்காட்சி தயாராக நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். "அண்ணே, இதே மாதிரி இருக்கணும்" என்று அதைக் காட்டுவார்கள்.

அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே ஒரு வீட்டில் தொலைக்காட்சி இருந்த காலத்தில், முகப்பில் சிவப்பு விளக்கு இடமும் வலமும் ஓட, தன் எஜமானோடு பேசுகிற கறுப்புக் காரைப் பார்ப்பதற்காக அந்த வீட்டு வாசற்படியில் இடம்பிடித்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். என்னை ஸ்பானர் பிடிக்க வைத்ததே அந்தக் கார்தான். அதனால்தான், தொழிலுக்கு வந்த பிறகு நான் தெரிந்துகொண்ட ஒன்றை இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்: திரையில் ஒரே காராகத் தெரிவது ஒரு கார் அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே செய்து, வேலை முடிந்ததும் ஒதுக்கிவிடப்பட்ட பல கார்கள் அங்கே ஒரே முகத்தோடு வந்துபோகின்றன. நம்மிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், நள்ளிரவில் பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த ஒன்றின் வேலைதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1979 முதல் 1985 வரை ஓடிய ஒரு தொடரில், 1969ஆம் ஆண்டுத் தயாரிப்பான செம்மஞ்சள் நிற டொட்ஜ் சார்ஜர் கார் ஒன்று ஆற்றையும் பள்ளத்தையும் பாய்ந்து கடந்து, தரையில் இறங்கியதும் எதுவும் நடவாததுபோல ஓடிப்போகும். உண்மையில், பாய்ந்து இறங்கிய கார்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பாய்ச்சலோடு உருக்குலைந்து போயின. சட்டகம் வளைந்துவிடும், சக்கரங்கள் திசைக்கொன்றாக நிற்கும். முன்பக்கம் என்ஜினின் பாரத்தால் குப்புற விழாமல் இருக்க டிக்கிக்குள் பெரும் பாரத்தை ஏற்றித்தான் பாயவிட்டார்கள். அந்தத் தொடருக்காக முந்நூறு அளவிலான கார்கள் செலவழிக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். பாய்கிற கார் ஒன்று, அடுத்த காட்சியில் ஓடுகிற கார் இன்னொன்று; இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே இலக்கம். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்த கறுப்புக் காரும் அப்படித்தான். அது தானாக ஓடும் காட்சிகளில், மாற்றியமைத்த ஆசனத்துக்குள் மறைந்திருந்த ஓட்டுநர் ஒருவர்தான் அதை ஓட்டினார்.

கதைகளில் வரும் கார்களின் அலங்காரம் எப்படி வளர்ந்தது என்பதைக் கவனித்தாலும் இது விளங்கும். 1959இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் ஜேம்ஸ் பொண்ட் ஓட்டும் அஸ்டன் மார்ட்டினில் உறுதியூட்டிய பம்பர், இரவில் நிறம் மாற்றக்கூடிய விளக்குகள், ஒளித்துவைத்த துப்பாக்கி என்று சில ஏற்பாடுகளே இருந்தன. 1964இல் அதே கதை படமானபோது காரும் டீபீ5 என்ற புதிய வகைக்கு மாறியது. இயந்திரத் துப்பாக்கிகள், சுழலும் இலக்கத் தகடு, பயணியைக் கூரை வழியே தூக்கி எறியும் ஆசனம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அந்தப் படத்துக்கே இரண்டு கார்களைப் பயன்படுத்தினார்கள்: ஒன்று வித்தைகளைக் காட்டுவதற்கு, மற்றது வீதியில் ஓடுவதற்கு. வித்தை காட்டும் காரையும் ஓடும் காரையும் ஒன்றாக்க முயலக் கூடாது என்பது, அதை உருவாக்கிய கைதேர்ந்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

1966ஆம் ஆண்டு பெட்மேன் தொடரின் காரை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கன் நிறுவனம் 1955இல் கண்காட்சிக்காக இத்தாலியில் செய்வித்த ஃபியூச்சுரா என்ற ஒற்றைக் காரை வாங்கி, ஜோர்ஜ் பாரிஸ் என்ற கைவினைஞர் சில வாரங்களுக்குள் அதை வௌவால் உருவுக்கு மாற்றினார். அந்த வேலையின் அழகுக்கு நான் இன்றும் தலைவணங்குவேன். 2013இல் அது நான்கு மில்லியன் டொலருக்கும் மேல் ஏலம் போனது. ஆனால் அது படப்பிடிப்புத் தளத்திலும் கண்காட்சியிலும் நிற்கப் பிறந்த கார். மழைநாளில் கினிகத்தேனை இறக்கத்தில் அதை ஓட்டிப் பார்க்கும் நிலை யாருக்கும் வரவில்லை.

இறக்கம் என்பதுதான் எங்கள் ஊரில் முழு விடயமும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றரில். உயர வித்தியாசம் மட்டுமே 600 மீற்றர். ஆட்களோடு 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று அந்த 600 மீற்றரை இறங்கும்போது ஏறக்குறைய ஏழு மெகாஜூல் சக்தியை எங்காவது கொட்டியாக வேண்டும். இருபது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதே காரை ஒரே மூச்சில் நிறுத்துவதற்கு வேண்டியதைப் போலப் பதினைந்து மடங்கு. இதில் ஒரு பகுதியைக் காற்றும், குறைந்த கியரில் இறங்கினால் என்ஜினும் தாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் கைப்பிடி அளவான பிரேக் பேட்களுக்கும் லைனர்களுக்கும் தட்டுகளுக்கும்தான் போகிறது.

அந்த வெப்பம் அங்கிருந்து பிரேக் ஒயிலுக்கு ஏறும். பிரேக் ஒயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நாள் முழுவதும் பனிமூட்டத்திலும் தூறலிலும் நிற்கும் எங்கள் வாகனங்களில் அது கூடுதல் கவலைக்குரியது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் மிதித்த மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

இப்படி ஏற்கெனவே எல்லையில் நிற்கும் பிரேக்கின் மேல் நாம் என்ன சுமத்துகிறோம் என்று பாருங்கள். 175/70 அளவுள்ள 13 அங்குலச் சக்கரத்தோடு வந்த பழைய காரில் 205/50 அளவுள்ள 16 அங்குல அலோய் வீலைப் பூட்டுகிறார்கள். டயரோடு சேர்ந்த விட்டம் 575 மில்லிமீற்றரிலிருந்து 611 மில்லிமீற்றராகிறது. விட்டம் கூடிய அதே விகிதத்தில், அதே மிதிக்கு வீதியில் கிடைக்கும் நிறுத்தும் விசை குறைகிறது; ஏறக்குறைய ஆறு சதவீதம். வேகமானி 60 காட்டும்போது கார் உண்மையில் 64 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பெரிய சக்கரம் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்பதற்காக ஸ்பேசர் தட்டு வைத்தால் வீல் பெயரிங் தன் காலத்துக்கு முன்பே தேயும்.

காரைத் தாழ்த்துவதற்கு ஸ்பிரிங்கை வெட்டச் சொல்பவர்களை நான் உட்காரவைத்துப் பேசுவேன். ஆறு சுற்றுள்ள சுருளில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். அசைவதற்கு இருக்கும் இடமோ சுருங்கிவிடும். குழியில் விழுந்து எழும்பும் சக்கரம் தொங்கும் தருணத்தில், குட்டையான சுருள் தன் இருப்பிடத்தில் தளர்ந்து விலகக்கூடும். சில வான்களில் பின் பிரேக்கின் அழுத்தத்தை, வாகனம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஒரு வால்வு தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திவிட்டால், வண்டி நிறையப் பாரம் ஏற்றியிருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களுக்குத் தேவைக்கு மேல் பிரேக்கைக் கொடுக்கும். ஈரமான வளைவில் வாகனத்தின் பின்பகுதி சுழன்று முன்னால் வருவதற்கு இது ஒன்றே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் வேலைசெய்து சேர்த்த பணத்தில் தொண்ணூறுகளின் கார் ஒன்றை வாங்கிய தம்பி ஒருவர் அதை வேறோர் இடத்தில் தாழ்த்தி, பெரிய சக்கரம் பூட்டி, பொனட்டில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் தீட்டி வைத்திருந்தார். பிரேக் ஒயிலை யாரும் மாற்றவில்லை. தாயும் தங்கையும் உடனிருக்க நானுஓயாப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தபோது நாலைந்து வளைவுகளுக்குப் பிறகு மிதி காலோடு போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி அவர் காரை நிறுத்தினார். மறுபக்கம் தேயிலைச் சரிவு. கார் என் கராஜுக்கு வந்தபோது முன் டிஸ்க்குகள் நீலம் பூத்திருந்தன; ஒயில் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது. அவருடைய தாய் என்னிடம், "எல்லாத்தையும் புதுசா மாத்திட்டோம்னு சொன்னானே, தம்பி" என்றார். கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் புதிதாகத்தான் இருந்தன.

சைலன்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டில் கார் இழுக்கவில்லை என்பதால் குழாயை மாற்றச் சொல்லிச் சிலர் வருகிறார்கள். நுவரெலியா உயரத்தில் காற்று மெலிவதால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டேர்போ இல்லாத எந்த என்ஜினும் தன் வலுவில் ஆறில் ஒரு பங்கு அளவை இழக்கத்தான் செய்யும். அது பழுது அல்ல. வெட்டி ஒட்டிய குழாயின் இணைப்புகளில் கசிவு இருந்தால், குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டபடி காருக்குள் தூங்குபவர்களைக் காபன் மொனொக்சைட்டு சூழும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் சேர்கிறது. சித்திரை விடுமுறையில் அறை கிடைக்காமல் வாகனத்திலேயே இரவைக் கழிக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

படங்களில் பொத்தானை அழுத்தியதும் காரைப் பறக்கவைக்கும் நைட்ரஸ் வாயுவைப் பற்றியும் கேட்கிறார்கள். அது எரிபொருள் அல்ல. சிலிண்டருக்குள் சூடேறிச் சிதைந்து, காற்றிலிருப்பதைவிடக் கூடுதல் ஒட்சிசனைத் தருகிறது. அதற்கேற்பப் பெற்றோலும் கூட வேண்டும், பிஸ்டனும் தாங்க வேண்டும். நம் வளைவுகளில் அந்த வேகத்துக்கு இடமே இல்லை. அந்த வேலையை நான் செய்வதில்லை.

விளக்கு விடயத்தில் முச்சக்கர வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல். ஹலஜன் பல்புக்காகச் செய்த கண்ணாடிக் கூட்டுக்குள் மலிவான வெள்ளை எல்ஈடியைச் செருகினால் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். பனிமூட்டத்தில் அது உங்கள் கண்ணுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும், எதிரே வருபவரின் கண்ணையும் கூசவைக்கும். 60 வொட் பல்பு இருந்த இடத்தில் 100 வொட் போட்டால் 5 அம்பியருக்குக் கணக்கிட்ட கம்பியில் 8 அம்பியருக்கு மேல் ஓடும். கம்பியின் உறை உருகி நாறிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அவற்றில் இருந்தன.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் புதிய கார் கைக்கெட்டாமல் போனவர்கள் பழைய காரையே புதியதாக்கிப் பார்க்க விரும்பியது இயல்பு. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிகப் பொருத்துகளை அகற்றும் நடவடிக்கையைத் தொடங்கியபோது எங்கள் ஊரிலும் பலர் கோபப்பட்டார்கள். வாழ்வாதாரத்தில் கைவைக்கிறார்கள் என்ற அவர்களின் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சேஸியையும் தொடும் மாற்றம் எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன். விபத்து நடந்த பின் காப்புறுதிக்காரர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

நிறம் மாற்றுங்கள், பட்டை தீட்டுங்கள், இருக்கைக்கு உறை தையுங்கள், நல்ல ஒலிபெருக்கி வையுங்கள். அதையெல்லாம் மனமுவந்து செய்து தருகிறேன். அதே வேளையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பிரேக் ஒயிலை மாற்றக் கேளுங்கள். இறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள்.

அந்தத் தம்பியின் காருக்கு நிறுவன அளவுள்ள ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் திரும்பப் பூட்டினோம். வெள்ளைப் பட்டைகளை அப்படியே விட்டோம், அவை அந்தக் காருக்கு உண்மையிலேயே அழகு. வேகமாக ஓட்டும் ஆசை அவருக்குப் போகவில்லை. அதனால் சித்திரையில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டிக்கு அவரை அழைத்துப் போனேன். 1930களிலிருந்து அறியப்பட்ட அந்தப் போட்டியில், மூடிய பாதையில் ஒருவர் பின் ஒருவராக மேல்நோக்கி மட்டுமே ஓடுகிறார்கள். புறப்படுமிடத்தில் நின்ற கார்களுக்குள் அவர் வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரும்புக் கூண்டு, அகலமான ஆசனப் பட்டி, தீயணைப்பான். திரும்பி வரும் வழியில் அந்தக் கூண்டைச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். இப்போது அதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். குழாயின் தடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.