635 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

நூடுல்ஸ் மசாலா, சூப் பொடி, மசாலா சிப்ஸ் பாக்கெட்டுகளின் பின்புறத்தில் பொருள் பட்டியலின் கடைசி வரியைத் தேடிப் படியுங்கள். பொடி எழுத்தில் 'ஃப்ளேவர் என்ஹான்சர் (635)', அதாவது சுவைகூட்டி என்றோ '(627, 631)' என்றோ பல பாக்கெட்டுகளில் இருக்கும். முன்பக்கத்தில் 'எம்எஸ்ஜி (அதாவது அஜினோமோட்டோ) சேர்க்கவில்லை' என்று அறிவிக்கும் சில பாக்கெட்டுகளிலும் இந்த எண்கள் உண்டு. அஜினோமோட்டோ தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் பெரும்பாலும் அதன் எண்ணான 621 இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது.

1908இல் டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகெடா, ஜப்பானியர்கள் சூப்புக்குப் போடும் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அந்த அமிலத்தின் சோடியம் உப்புதான் எம்எஸ்ஜி (மோனோசோடியம் குளூட்டமேட்), அதாவது 621. மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1913இல் இகெடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா, உலர்த்திய சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டார். நம் மாசிக் கருவாடும் அந்த மீன்தான். 1957இல் அகிரா குனினாகா மூன்றாவதாக குவானிலேட்டைச் சேர்த்தார். இன்றைய பாக்கெட்டில் குவானிலேட் 627, இனோசினேட் 631, இரண்டும் கலந்தது 635.

குனினாகா கவனித்த முக்கியமான விஷயம், இவை குளூட்டமேட்டுடன் சேரும்போது சுவை பல மடங்கு பெருகுகிறது என்பது. நாக்கின் சுவை மொட்டுகளில் உமாமியை உணரும் ஏற்பியின் ஒரு பகுதி, இடுக்கியைப் போலத் திறந்து மூடும். குளூட்டமேட் அதன் உட்பகுதியில் ஒட்டியதும் அது மூடிக்கொண்டு மூளைக்குச் செய்தி போகிறது. இனோசினேட்டோ குவானிலேட்டோ அதன் வாயருகே ஒட்டினால், மூடியது எளிதில் திறப்பதில்லை. அதனால் கொஞ்சம் குளூட்டமேட்டே நாக்குக்கு நிறைய இருப்பதாகத் தெரிகிறது. குளூட்டமேட் இல்லாத உணவில் 635-ஐச் சேர்த்துப் பெரிய பலனில்லை, விலையும் அதிகம். ஆகவே 635-ஐப் பார்த்தால் அதன் கூட்டாளியையும் அதே பட்டியலில் தேடுங்கள். 621 இல்லாவிட்டால் ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், சோயா சாஸ் பொடி, தக்காளிப் பொடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். இவை எல்லாவற்றிலும் குளூட்டமேட் உண்டு.

2015இல் மேகி நூடுல்ஸ் சர்ச்சையில் ஈயத்தோடு இந்தக் கேள்வியும் எழுந்தது. 'எம்எஸ்ஜி சேர்க்கவில்லை' என்ற பாக்கெட்டில் குளூட்டமேட் எப்படி வந்தது? நாங்கள் தனியாகச் சேர்க்கவில்லை, மூலப்பொருட்களில் இயல்பாக இருப்பது அது என்றது நிறுவனம். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் மேகிக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை ரத்து செய்தது. 'சேர்க்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்வது உற்பத்தியாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, ஒத்துக்கொள்ளாமை உண்மையா? 1968இல் ராபர்ட் ஹோ மேன் குவோக் என்ற மருத்துவர், சீன உணவகங்களில் சாப்பிட்ட பின் கழுத்து மரத்துப்போவதையும் படபடப்பையும் விவரித்து ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையல் மது, உப்பு, எம்எஸ்ஜி என்று பல சந்தேகங்களை அவர் அடுக்கினார். பழி முழுவதும் எம்எஸ்ஜி மேல் விழுந்தது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எம்எஸ்ஜி தங்களுக்கு ஆகாது என்று நம்பிய 130 பேருக்கு 5 கிராம் எம்எஸ்ஜியும் எம்எஸ்ஜி இல்லாத போலிக் கரைசலும் எது எதுவென்று சொல்லாமல் கொடுக்கப்பட்டன. 50 பேருக்கு எம்எஸ்ஜியில் மட்டும் அறிகுறி வந்தது. 17 பேருக்குப் போலியில் மட்டும் வந்தது. திரும்பத் திரும்பச் சோதித்தபோது எம்எஸ்ஜிக்கு மட்டும் தொடர்ந்து எதிர்வினை காட்டியவர்கள் இருவர்தான். அவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் அறிகுறி வேறாக இருந்தது. வெறும் வயிற்றில் பெரிய அளவாகப் போனால் சிலருக்குத் தலைவலி, முகச்சிவப்பு போன்ற தொல்லை சிறிது நேரம் வரலாம். உணவோடு சாப்பிடும் சாதாரண அளவுக்கு அதை நிரூபிக்க முடியவில்லை.

இதற்காக யாருடைய தலைவலியையும் கற்பனை என்று ஒதுக்கக் கூடாது. வலி உண்மை, காரணம் வேறாக இருக்கலாம் என்பதுதான் கவலை. ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வருகிறவர், அஜினோமோட்டோவைக் குறை சொல்லிவிட்டு இறால், முட்டை, சோயா, நிலக்கடலை ஒவ்வாமையைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த முறை உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வாமை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். யூரிக் அமிலம் கூடி கவுட் எனும் மூட்டு வலியால் அவதிப்படுவோருக்கு 627, 631, 635 மூன்றும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. இவை உடலில் சிதைந்து யூரிக் அமிலமாகின்றன.

தக்காளியில் இருக்கும் குளூட்டமேட்டும் ஆலையில் தயாரித்ததும் ஒரே மூலக்கூறுதான். தள்ளுவண்டிக் கடைகளில் படித்துப் பார்க்க லேபிளும் இருக்காது. 'அஜினோமோட்டோ போடாமல் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் ஃப்ரைடு ரைஸில் சோயா சாஸ் விழுந்தாலே குளூட்டமேட்டும் சேர்ந்துவிடுகிறது.