காலி கேரவனும் ஆடுற வாலும்

"கேரவன் (கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) எடை, இழுக்குற காரோட கெர்ப் எடைல (ஆளும் சாமானும் ஏறாம, ஓட்டத் தயாரா நிக்குற காரோட எடை) 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு பிரிட்டன்ல சொல்றாங்களே, அது காலி எடையா, சாமான் ஏத்துன எடையா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஏத்துன எடைதாங்க. அதுவும் சட்டம் இல்ல, புதுசா இழுக்குறவங்களுக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான்.

காலி எடைங்கிறது பெட்டி படுக்கை எதுவும் ஏறாத வெறும் கூடு. நம்ம சாமான் ஏறுறதுக்கு முன்னாடி பயணத்துக்குத் தயாரா இருக்குற எடை வேற, தாங்கக்கூடிய அதிகபட்ச எடை வேற. பின்னதுல இருந்து முன்னதைக் கழிச்சா வர்றதுதான் நாம ஏத்திக்கலாம்ங்கிற அளவு. 1500ல 1350 போனா 150 கிலோ, பெருசாத் தெரியும், ஆனா 40 லிட்டர் தண்ணி நிரப்புனாலே அதுல 40 கிலோ போயிடும், அப்புறம் கூடாரத்துணி, நாற்காலி, பாத்திரம்னு ஏறிட்டே போகும். எல்லாத்தையும் ஏத்திட்டு எடை மேடைல ஒரு தடவை நிறுத்திப் பாக்குறதுதான் நிஜமான பதில்.

சரி, எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். 20 கிலோ சாமானை கேரவனோட சக்கர அச்சுல இருந்து அரை மீட்டர்ல வைங்க, அப்புறம் அதையே அச்சுல இருந்து 3 மீட்டர் தள்ளி வால்ல, அதாவது கேரவனோட பின்முனைல வைங்க. எடை மேடைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா வண்டி பக்கவாட்டுல திரும்புறப்போ அந்தச் சாமான் காட்டுற நிலைமம் (திரும்புறதை எதிர்க்கிற, திரும்ப ஆரம்பிச்சா நிக்க மறுக்குற குணம்) தூரத்தோட வர்க்கத்துல ஏறும், தூரம் 6 மடங்குன்னா இது 36 மடங்கு! பெரிய லாரி ஒண்ணு உரசுற மாதிரி தாண்டிப் போகுது, காத்து வாலைத் தள்ளுது, டயர் அதை இழுத்து நேராக்கப் பாக்குது, வால் நேரா நிக்காம அந்தப் பக்கம் போயிடுது, திரும்ப இந்தப் பக்கம். மெதுவா போறப்போ ஒவ்வொரு ஆட்டத்தையும் டயரே தின்னுடும். எப்படின்னா, வால் பக்கவாட்டுல நகர்ற வேகத்தை முன்னோக்கிப் போற வேகத்தால வகுத்தா டயர் சறுக்குற கோணம் கிடைக்கும், அந்தக் கோணம்தான் ஆட்டத்தை அடக்குற விசையைத் தருது. வேகம் கூடக்கூட அதே ஆட்டத்துக்குக் கோணம் சின்னதாகும், பிடியும் குறையும். ஒரு வேகத்துக்கு மேல வால் காரோட பின்பக்கத்தையும் சேத்து ஆட்ட ஆரம்பிச்சா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெருசாகும்.

அதனாலதான் கனமானதைக் கீழ, அச்சுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றாங்க, ஏத்துன எடைல 5 முதல் 7 சதவீதம் காரோட கொக்கில அழுத்தணும்ங்கிறாங்க. 1400 கிலோன்னா 70ல இருந்து 98 கிலோ (கார் கொக்கியோட வரம்பு அதுக்குக் கீழ இருந்தா அதுதான் கணக்கு). "இருபது வருஷமா பின்னாடிதான் ஏத்துறேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றதை நான் மூடநம்பிக்கைலதான் சேப்பேன், அவர் இன்னும் அந்த வேகத்தைத் தொடல, அவ்வளவுதான்.

ஆட ஆரம்பிச்சுட்டா? ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க, ஸ்டியரிங்கை நேரா புடிங்க, பிரேக்கைப் போட்டு மிதிக்காதீங்க.