எதிர்த்திசையில் 65 கஜம்

பந்து தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. ராய் ரீகல்ஸ் அதை அள்ளி எடுத்தார். எதிரணியின் எல்லைக்கோடு அங்கிருந்து ஏறக்குறைய 30 கஜம்தான். ஓட ஆரம்பித்தார், யாரோ இடித்தார்கள், ஒரு சுற்றுச் சுற்றித் திமிறிக்கொண்டு மறுபடியும் ஓடினார். இந்த முறை 65 கஜம் ஓடினார். ஆனால் அந்த ஓட்டம் முழுக்கத் தன் அணியின் எல்லைக்கோட்டை நோக்கியே இருந்தது.

இது நடந்தது 1929 ஜனவரி 1 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் பசடேனா நகரில். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் புத்தாண்டு நாளில் மோதும் ரோஸ் பவுல் ஆட்டம் அது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கும் ஆடின. 66,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நாம் ஆடுகிற கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைவரை ஓடிச் சேர்க்கிற ஆட்டம். இரண்டாம் கால்பகுதியில், எந்த அணியும் புள்ளி எடுக்காத நிலையில், டெக் அணியின் தாமசன் பந்தை நழுவவிட்டார். அதைத்தான் கலிபோர்னியாவின் ரீகல்ஸ் எடுத்தார்.

அமெரிக்காவில் இந்த ஓட்டத்தை நூறாண்டுக்கு அருகே சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு நல்ல வீரருக்குச் செய்த அநீதி என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இந்த ஓட்டத்துக்குள் ஒரு அருமையான கேள்வி இருக்கிறது. திசை தப்பிய மனிதர் எந்தப் பக்கமும் ஓடியிருக்கலாமே! பக்கவாட்டில் பார்வையாளர்களை நோக்கி ஓடியிருக்கலாம், குறுக்காக மூலைக்கு ஓடியிருக்கலாம். அவர் ஏன் சரியாக 180 டிகிரி திரும்பி, கோடு போட்டதுபோல நேர் எதிர்த்திசையில் ஓடினார்?

ரீகல்ஸ் பிற்பாடு சொன்ன விளக்கம் எளிமையானது. பந்தை எடுத்தபோது ஓரக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாராம். இடப்பக்கம் திரும்பி எதிரணி எல்லையை நோக்கிப் போக முயன்றபோது ஒருவர் தள்ளிவிட்டார். அந்த வேகத்தில் இன்னொருவர் மேல் மோதி, அவரிடமிருந்து விலகச் சுழன்றபோது திசை முழுக்கத் தப்பிவிட்டது. அறிவியல் இதிலிருந்தே தொடங்குகிறது.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கைகளை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி, சட்டென்று நின்றால் தரையும் வானமும் எதிர்ப்பக்கம் சுழலும். அந்தக் கிறுகிறுப்புக்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக அமைந்தவை. உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழல் திரும்பிவிடும், திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் ஒரு ஜெல் போன்ற சவ்வை வளைக்கும், மயிர்ச் செல்களிலிருந்து நீண்டு சவ்வில் பதிந்த நுண்மயிர்கள் வளையும், நரம்பில் செய்தி ஓடும். எவ்வளவு வேகமாக எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை மூளை அதிலிருந்து கணக்கிடுகிறது. நெடுநேரம் சுற்றினால் திரவமும் குழலோடு சேர்ந்து சுழல ஆரம்பிக்கும். நீங்கள் நின்றாலும் அது நிற்காது. மூளை ஏமாறுவது அப்போதுதான்.

ஆனால் ரீகல்ஸ் சுற்றியது ஒரே ஒரு சுற்று. அது தட்டாமாலை இல்லை. ஒரு சுற்றுக்கெல்லாம் காது தப்புக் கணக்குப் போட்டுவிடாது. வேறு இரண்டு இடையூறுகள் சேர்ந்துகொண்டன. நாமாகத் திரும்பும்போது தசைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளையின் நகல் ஒன்று மூளையின் திசைக் கணக்குக்கும் போகிறது. ‘இப்போது இடப்பக்கம் இவ்வளவு திரும்பப்போகிறோம்’ என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். பிறர் தள்ளிவிட்டுத் திரும்பினால் அந்த நகல் கிடையாது. அடுத்தது கண். துள்ளும் முட்டைப் பந்தைக் கைப்பற்றுகிறவர் பந்தைத்தான் பார்ப்பார், மைதானத்தைப் பார்க்கமாட்டார். காது, தசை, கண் மூன்றும் ஒத்துப்போனால்தான் திசை நிலைக்கும். அந்த ஓரிரு நொடிகளில் தசையும் கண்ணும் ஒன்றாகக் கைவிட்டன.

சரி, திசை தப்பியது. மூளை அதை எப்படி மீட்கிறது?

1984இல் ஜேம்ஸ் ராங்க் எலியின் மூளையில் ஒரு விசித்திரமான நரம்புச் செல் வகையைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட பக்கம் தலையைத் திருப்பினால் மட்டும் அந்தச் செல் படபடவென்று துடிக்கும். வேறு பக்கம் திரும்பினால் அடங்கிவிடும். பக்கத்துச் செல்லுக்கு வேறொரு திசை. அவற்றுக்குத் தலைத்திசைச் செல்கள் என்று பெயர். வடதிசை காட்டும் காந்தம் எதுவும் அவற்றுக்குள் கிடையாது. அறையில் கண்ணில் படும் அடையாளங்களையும் உள்காதின் கணக்கையும் வைத்துத்தான் அவை திசையை நிர்ணயிக்கின்றன. 1990இல் ஜெஃப்ரி டாபும் ராங்க் குழுவினரும் வெளியிட்ட சோதனையில், கூண்டுச் சுவரில் ஒட்டிய ஒரே ஒரு வெள்ளை அட்டையை நகர்த்தினால் எலியின் ‘வடக்கு’ம் அதோடு நகர்ந்தது.

இந்தச் செல்களை ஒரு வட்டமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், விளக்குகளை வட்டமாக அடுக்கியதுபோல. ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் வெளிச்சம் இருக்கும். நீங்கள் திரும்பத் திரும்ப வெளிச்சம் வட்டத்தைச் சுற்றி நகரும். பழ ஈயின் மூளையில் இது கற்பனைகூட இல்லை. நிஜமாகவே வளைய வடிவத்தில் இருக்கும் ஒரு பகுதியில் அந்தத் துடிப்பு சுற்றி நகர்வதை 2015இல் ஜோஹனஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் படம் பிடித்துக் காட்டினார்கள். இந்த வளையத்தில் இரண்டு வெளிச்சங்கள் ஒரே நேரத்தில் நிலைத்திருக்க முடியாது. ‘இந்தப் பக்கமாகவும் இருக்கலாம், அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்’ என்ற சந்தேக நிலைக்கு அங்கே இடமே இல்லை. ஏதோ ஒரு திசை உறுதியாக எரியும், அது தவறாக இருந்தாலும்கூட.

இரவுப் பேருந்தில் அயர்ந்து தூங்கி நடுவழியில் விழித்தால் எனக்கு இது அடிக்கடி நடக்கும். வண்டி வந்த வழியே திரும்பிப் போவதாகத் தோன்றும். ஊர்ப்பலகையைப் படிப்பேன், சரியாகத்தான் போகிறோம் என்று அறிவு சொல்லும், உடம்பு நம்பாது. ஏதோ ஒரு பாலம், தெரிந்த ஒரு கோபுரம் கண்ணில் பட்டதும் உலகமே ஒரு திருப்புத் திரும்பிச் சரியான இடத்தில் உட்காரும். மெதுவாக நகர்ந்து வராது, ஒரே தாவல்தான். வளையத்தில் வெளிச்சம் இடம் மாறுகிற கணம் அதுதான் என்று இப்போது புரிகிறது.

இனி அந்த 180 டிகிரி. 1986இல் கென் செங் நீள்சதுரப் பெட்டி ஒன்றில் எலிகளை வைத்துச் சோதித்தார். ஒரு மூலையில் உணவு. எலி அதைப் பார்த்த பிறகு வெளியே எடுத்துத் திசை குழப்பிவிட்டுத் திரும்ப உள்ளே விட்டார். எலி நேராக உணவிருந்த மூலைக்குப் போகும், அல்லது நேர் எதிரே இருக்கும் மூலைவிட்டத்து மூலைக்குப் போகும். ஏறக்குறைய சரிபாதி. மற்ற இரண்டு மூலைகளுக்குப் போவது மிகக் குறைவு.

ஒரு தீப்பெட்டியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் நின்று உள்ளே பார்த்தால், இடப்பக்கம் நீளச் சுவர், வலப்பக்கம் குட்டைச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டத்தின் எதிர்முனையிலும் அதே காட்சிதான்: இடப்பக்கம் நீளம், வலப்பக்கம் குட்டை. பெட்டியை அரைச்சுற்றுத் திருப்பினால் வடிவத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. திசை தப்பிய எலி அறையின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டே மீள்கிறது. வடிவம் இரண்டு விடைகளைத் தருகிறது, எலி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஒரு சுவரை வேறு நிறமாக்கியும், மூலைகளில் வெவ்வேறு வாசனை வைத்தும்கூட அந்தக் குழப்பம் தீரவில்லை.

1994இல் லிண்டா ஹெர்மர், எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதையே செய்து பார்த்தார்கள். பொம்மையை ஒரு மூலையில் ஒளித்துவைத்து, குழந்தையின் கண்ணை மூடிச் சுற்றிவிட்டார்கள். அறையின் ஒரு சுவர் முழுக்க நீலம். குழந்தைகள் எலிகளைப் போலவே சரியான மூலையிலும் அதற்கு நேர் எதிர் மூலையிலும் தேடினார்கள். பெரியவர்கள் நீலச் சுவரைக் கவனித்துச் சரியாகப் போனார்கள். ஆனால் 1999இல் ஸ்பெல்கி குழு, காதில் விழும் பேச்சைப் பெரியவர்கள் விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே தேடும்படி செய்தபோது, அவர்களும் நேர் எதிர் மூலைக்குப் போய் நின்றார்கள்! பெரிய அறைகளில் குழந்தைகளே நிறத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆகவே இது உடைக்க முடியாத விதி ஒன்றுமில்லை. மனம் வேறொன்றில் மூழ்கியிருக்கும்போது வடிவம் முந்திக்கொள்கிறது, அவ்வளவே.

இப்போது ஆட்ட மைதானத்தைப் பாருங்கள். 100 கஜம் நீளம், 53 கஜத்துக்குச் சற்று அதிகமான அகலம், இரு முனைகளிலும் ஒரே மாதிரி கம்பங்கள், குறுக்கே ஒரே இடைவெளியில் வெள்ளைக்கோடுகள். அசல் நீள்சதுரப் பெட்டி. ரோஸ் பவுல் அரங்கம் 1922இல் கட்டப்பட்டபோது குதிரை லாடம்போல் தெற்குப் பக்கம் திறந்திருந்தது. 1928இல் அந்தப் பக்கத்தையும் இருக்கைகள் கட்டி அடைத்து முழுக் கிண்ணமாக்கினார்கள். ரீகல்ஸ் ஓடிய நாளில் இரு முனைகளும் ஒன்றுபோலவே ஆட்களால் நிரம்பியிருந்தன. வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடர் இருந்தது உண்மை. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர் மலையைப் பார்ப்பாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் முதல் கால்பகுதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாற்றிக்கொள்ளும். இரண்டாம் பகுதியில் ரீகல்ஸ் ஓடிச் சேர்ந்த அந்த முனைதான் முதல் பகுதி முழுக்க எதிரணியின் முனை. சற்று முன்புவரை அதுவே சரியான திசை. அவர் மூளையை யாரும் அளந்து பார்க்கவில்லைதான். ஆனால் வடிவம் இரண்டு விடைகளைத் தந்து, அதில் தவறான விடை இப்போதுதான் பழகியதாகவும் இருந்தால், மூளை அதைப் பற்றிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

65 கஜம் என்றால் ஏறக்குறைய 60 மீட்டர். நல்ல வேகத்தில் எட்டு நொடி ஆகியிருக்கும். அந்த எட்டு நொடியில் ஏன் விழித்துக்கொள்ளவில்லை? கிடைத்த தகவல் எல்லாமே தவறான திசையை உறுதிசெய்தது என்பதே காரணம். முன்னால் ஆளில்லாத மைதானம், ஓடுகிறவருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. பின்னால் துரத்தும் காலடிச் சத்தம், எதிரி துரத்துவதும் அப்படித்தான் கேட்கும். நாற்புறமும் எழுந்த கூச்சல் எந்தத் திசையையும் காட்டாது. எதிரணிப் பயிற்சியாளர் பில் அலெக்சாண்டர், பதறி எழுந்த தன் வீரர்களை உட்காரச் சொன்னாராம்: அவர் வைக்கும் ஒவ்வொரு அடியும் நமக்கு லாபம் என்று.

துரத்தியவர் ரீகல்ஸின் சக வீரர் பென்னி லாம். கத்திக்கொண்டே விரட்டி, எல்லைக்கோட்டுக்கு மூன்று கஜம் முன்னால் எட்டிப் பிடித்துத் திருப்பினார். அதற்குள் டெக் வீரர்கள் வந்து கவிந்து, கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் ரீகல்ஸைச் சாய்த்துவிட்டார்கள். அவ்வளவு பின்னால் மாட்டிக்கொண்ட கலிபோர்னியா, பந்தை உதைத்து வெளியேற்ற முயன்றது. அந்த உதை தடுக்கப்பட்டு, டெக்குக்கு இரண்டு புள்ளிகள் போயின. இறுதிக் கணக்கு 8–7. ஒரு புள்ளியில் கலிபோர்னியா தோற்றது.

இடைவேளையில் ரீகல்ஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். முதல் பாதியில் ஆடியவர்களே இரண்டாம் பாதியையும் தொடங்குவார்கள் என்றார் பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ். தன்னால் முடியாது என்றார் ரீகல்ஸ். ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கிறது, எழுந்து போ என்றார் பிரைஸ். எழுந்து போனார். அந்தப் பாதியில் டெக் அணியின் ஓர் உதையைக் குறுக்கே பாய்ந்து தடுத்தார். அடுத்த பருவத்துக்கு அவரையே அணித்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

35 ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபரில், தொழில்முறை ஆட்டம் ஒன்றில் மின்னசோட்டா அணியின் ஜிம் மார்ஷல் நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு 66 கஜம் ஓடினார், தன் எல்லையை நோக்கி. ரீகல்ஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் கூட்டத்துக்கு வருக என்று அதில் இருந்தது.