போன் வரவில்லை என்றால் பிள்ளை நலம் என்று யார் சொன்னது?

குழந்தைகள் மனநலச் சேவையின் காத்திருப்புப் பட்டியலில் ‘சாதாரணம்’, அதாவது அவசரமில்லை, என்று குறிக்கப்பட்ட பிள்ளை, சில மாதங்கள் கழித்து அவசரப் பிரிவு வழியாக உள்ளே வருகிறது. கோப்பைத் திறந்தால் ஒரு பரிந்துரைக் கடிதம், ‘காத்திருக்கவும்’ என்று ஒரு பதில். அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. இன்னும் எத்தனை முறை இதைப் பார்ப்பது?

கேட்டால், “வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவே இல்லையே” என்கிறார்கள் சேவையில் இருப்பவர்கள். கூப்பிடாதவர்கள் நலமாக இருக்கிறார்களாம்! வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறியும் பிள்ளைக்காகப் பள்ளியே ஓயாமல் போன் செய்யும். அறைக்குள் முடங்கி, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வரும் பிள்ளைக்காக யார் செய்வார்கள்? ஆசிரியரைப் பொறுத்தவரை அது தொந்தரவு தராத பிள்ளை. மனச்சோர்வு முதலில் பறிப்பதே உதவி கேட்கும் தெம்பைத்தான். பெற்றோருக்கே உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். மொழி தடையாக இருக்கலாம். ‘அவர்களே கூப்பிடுவதாகச் சொன்னார்களே’ என்று மரியாதைக்குக் காத்திருக்கலாம். சத்தம் போடுபவர்களை முன்னே நகர்த்தும் பட்டியலில் நோயின் தீவிரத்துக்கு இடமே இல்லை.

கடிதம் வந்த நாளில் போட்ட ‘சாதாரணம்’ முத்திரை அந்த நாளுக்கு மட்டுமே பொருந்தும். அதைக்கூட எழுத்தர் போடக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவரோ உளவியலாளரோ அடுத்த வேலை நாளுக்குள் கடிதத்தைப் படித்துப் போட வேண்டும். தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வேகமான எடைக் குறைவு, மயக்கம், குரல்கள் கேட்பது, வீட்டில் வன்முறை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது காத்திருக்கும் கேஸ் அல்ல. கடிதத்தில் விவரம் போதாதா? எழுதியவருக்கு அன்றே போன் செய்யுங்கள். ‘படிவம் முழுமையாக இல்லை’ என்று திருப்பி அனுப்பி, காத்திருப்பு நாட்களைப் புதிதாக எண்ணத் தொடங்குவது கணக்கு ஏமாற்று வேலை.

வினாத்தாளை மட்டும் நம்பி வரிசைப்படுத்தவும் வேண்டாம். பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்ட, பிள்ளைகளின் உணர்வுகளையும் நடத்தையையும் அறிய உலகெங்கும் பயன்படும் ‘பலங்களும் சிரமங்களும்’ வினாத்தாளில் 25 கூற்றுகள் உள்ளன. நல்ல கருவிதான். ஆனால் தற்கொலை எண்ணம் பற்றி அதில் ஒரு கூற்றும் இல்லை, சாப்பாடு பற்றியும் இல்லை.

காத்திருப்பவர்களை நாம்தான் கூப்பிட வேண்டும். அபாயம் அதிகம் என்றால் வாரம் ஒருமுறை, நடுத்தரம் என்றால் 4 வாரத்துக்கு ஒருமுறை, மற்றவர்களை அதிகபட்சம் 12 வாரத்துக்கு ஒருமுறை. பெற்றோரிடம் ஒரு பேச்சு, பிள்ளையிடம் தனியாக ஒரு பேச்சு. தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, உயிரை விடும் எண்ணம் எல்லாவற்றையும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பதிலைத் தேதியோடு எழுதி, முன்னுரிமையை அன்றே மாற்றுங்கள். மாற்றும் அதிகாரம் இல்லாதவரைப் போனில் உட்கார வைத்துப் பயனில்லை.

‘இருமுறை வரவில்லை, கேஸ் மூடப்பட்டது’ என்று எழுதுவதற்கு முன் ஒரு விஷயம். எட்டு வயதுப் பிள்ளை தானாக வருவதில்லை. யாரோ அழைத்து வரவில்லை. அதுவே ஓர் அபாய அறிகுறியாக இருக்கலாம். வேறு எண்ணில், வேறு நேரத்தில் கூப்பிடுங்கள், பரிந்துரைத்தவருக்குச் சொல்லுங்கள். மருத்துவக் குழுவில் ஒருவர் கோப்பைப் பார்த்துக் கையெழுத்திடாமல் மூடாதீர்கள்.

அடுத்து, நிர்வாகங்களுக்குப் பிடித்த ‘சிறப்பு முகாம்’. ஒரே மாதத்தில் 40 பேருக்கு முதல் மதிப்பீடு முடித்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 30 பேருக்கு ஆளுக்கு 8 அமர்வு சிகிச்சை தேவைப்பட்டால் 240 அமர்வுகள். அதற்கு ஆள் எங்கே? வெளியே இருந்த வரிசை உள்ளே நகர்ந்திருக்கிறது, அறிக்கையில் தெரியாத இடத்துக்கு. ஆகவே காத்திருப்பை முதல் சந்திப்பு வரை மட்டும் அளக்காமல், சிகிச்சையின் முதல் அமர்வு வரை அளக்க வேண்டும். சராசரியும் ஏமாற்றும்: பார்க்கப்பட்டவர்களை வைத்துப் போடும் சராசரியில் இன்னும் காத்திருப்பவர்கள் வருவதே இல்லை. மிக நீண்ட நாள் காத்திருக்கும் பத்துப் பேரின் கோப்புகளை வாரக் கூட்டத்தில் மேசையில் வையுங்கள். சேவையின் வயது வரம்பை நெருங்குபவர்களுக்கு ஆறு மாதம் முன்பே பெரியவர்கள் சேவையில் இடம் பேசுங்கள். ஆட்டிசம் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் பதற்றத்துக்கு அதுவரை சிகிச்சை இல்லை என்று சொல்லாதீர்கள். இரண்டும் தனித்தனி வேலை.

பெற்றோர்களே, தயவுசெய்து நிலைமை மாறினால் கூப்பிடுங்கள். அது தொந்தரவு இல்லை. ‘மோசமாகிவிட்டது’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, எத்தனை மணி நேரம் தூங்குகிறது, என்ன சொன்னது என்று தேதியோடு சொல்லுங்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு எல்லாவற்றையும் இன்றே பூட்டி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பட்டியலை மறந்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போனதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.