சீர் சாமான் வாங்கியவர்கள் பில் தேதியைக் குறித்துவையுங்கள்

செட்டிநாட்டுக் கல்யாண வீடுகள் பலவற்றில் சாமான் பரப்பும் நாளில்தான், அதாவது சீர் சாமான்களை எல்லோரும் பார்க்க விரித்துவைக்கும் நாளில்தான், பெட்டிகளையே பிரிக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு முன்பே காரைக்குடியிலோ மதுரையிலோ வாங்கி அறையில் அடுக்கிவைத்த எவர்சில்வர் அண்டா, பித்தளைக் குடம், வெள்ளிக் குத்துவிளக்கு, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். ஒன்றில் விரிசல், ஒன்று ஓடவில்லை, ஒன்று எடை குறைவு என்று தெரிவதும் அன்றைக்குத்தான். கடைக்குப் போனால், "ஒரு வருஷம் ஆச்சே, ஆச்சி" என்ற பதில் தயாராக இருக்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வாங்குபவர் பக்கம் வலுவாக நிற்கும் சட்டம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது நாள் கணக்கு பார்க்கும் சட்டமும்கூட. சீர் சாமான் விஷயத்தில் மூன்று கணக்குகள் ஓடுகின்றன.

முதலாவது 30 நாள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று சட்டம் சொல்கிறது. பில்லில் இத்தனை நாளுக்குள் என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கெடு. ஒன்றும் இல்லையென்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரியைக் காட்டிக் கடைக்காரர் தப்ப முடியாது. அதே சமயம், நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பதெல்லாம் குறை ஆகாது. அவற்றை மாற்றித் தருவது கடைக்காரரின் விருப்பம்.

இரண்டாவது வாரண்டி. மின்சாதனங்களுக்கு வாரண்டி பொதுவாகப் பில் தேதியிலிருந்து தொடங்கும். 12 மாத வாரண்டியுள்ள கிரைண்டரை 14 மாதம் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால், ஒரு முறைகூட மாவு அரைக்காமலே வாரண்டி முடிந்துபோகும். கல்யாணத் தேதி தள்ளியிருந்தால் இப்போதே விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, பொருளையும் பில்லையும் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் பெற்றுக்கொள்வது நல்லது. பேசிய விலையையும் மாடல் எண்ணையும் முன்பணச் சீட்டில் எழுதி வாங்க மறக்க வேண்டாம்.

மூன்றாவது 2 ஆண்டு. 30 நாள் போய்விட்டதென்று மனம் தளர வேண்டாம்; குறையுள்ள பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யும் உரிமை அதோடு முடிவதில்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். காரணம் எழுந்தது வாங்கிய அன்றே என்று எதிர்த்தரப்பு வாதிடும், குறை தெரிந்த அன்று என்று நாம் வாதிடலாம். இந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் பில் தேதியிலிருந்தே 2 ஆண்டை எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். "கல்யாணத்துக்காகப் பூட்டி வைத்திருந்தோம்" என்பதை மட்டும் நம்பிப் போவது ஆபத்து.

ஆகவே சாமான் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கிரைண்டரையும் மிக்சியையும் ஓடவிடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்தால் பற்றவைத்த இடத்தில் கசிவு தெரிந்துவிடும். பிரிக்கும்போதே கைப்பேசியில் வீடியோ எடுத்துவையுங்கள். பிறகு பழையபடி கட்டிவைத்துக்கொள்ளலாம்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான புகார்களின் பலம் இருக்கிறது. பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிக முறை. கேட்டு வாங்குவது உரிமை. "பில் வேண்டாமென்றால் விலை குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இணங்கியவர்கள் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாமல் நிற்பார்கள். பில் இருந்தாலும் "பாத்திரம் வகை" என்றோ "புடவை 1" என்றோ இருந்தால் போதாது. கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்வோம். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறிக் கண்டாங்கி என்று சொல்லி விற்றால் அது பொருளின் தரம் பற்றிய பொய்த் தகவல், சட்டத்தின் பிடிக்குள் வரும். ஆனால் கடையில் வாயால் சொன்னதை ஆணையத்தில் எப்படிக் காட்டுவது? "கைத்தறி கண்டாங்கி" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். உண்மையான கைத்தறி விற்பவர் தயங்க மாட்டார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்கும் இதுவே. பழையதைப் புதிதென்று விற்பதைச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. இங்கே நடக்கக்கூடியது அதற்கு நேர்மாறு, புதிதைப் பழையது என்று விற்பது. அதுவும் பொருளின் தன்மை பற்றிய பொய்தான். "பர்மா தேக்கு, பழைய வீட்டுக் கதவு" என்பது விலையை ஏற்றும் வாசகம் என்றால், அதே வாசகம் பில்லிலும் ஏற வேண்டும்.

எடைக்கு விற்கும் பாத்திரத்தில் தராசைப் பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. முத்திரை இல்லாத தராசு, எடைக் குறைவு, பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது எல்லாவற்றுக்கும் புகார் அங்கேதான். பித்தளை அண்டாவில் இரும்பு வளையம் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டோ கழித்துவிட்டோ எடை போடச் சொல்ல வேண்டும். உள்ளே அரக்கு நிரப்பிய வெள்ளிச் சாமானிலும் அப்படித்தான்: வெள்ளி எடை தனி, மொத்த எடை தனி.

தங்கத்தில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, தூய்மை (22 காரட் என்றால் 22கே916), எச்யுஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த இலக்கத்தைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் இருப்பது வளையல், செயலி காட்டுவது மோதிரம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. கழுத்துரு போலப் பல உருப்படிகளைக் கோத்துச் செய்யும் நகையில் இது முக்கியம்: ஒவ்வோர் உருப்படியின் எடையும் தூய்மையும் பில்லில் தனித்தனியாக வரட்டும். ஹால்மார்க் நகையில் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த அளவின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு உண்டு. 5 பவுன், அதாவது 40 கிராம் நகையில் 916க்குப் பதில் 896 இருந்தால் குறைவு 0.8 கிராம், கிடைக்க வேண்டியது 1.6 கிராமுக்கான பணம்.

புகார் எப்படிச் செய்வது? முதலில் கடைக்கும், பிராண்ட் பொருளென்றால் தயாரிப்பு நிறுவனத்துக்கும் குறை என்ன, என்ன வேண்டும் என்று எழுதி, 15 நாள் கெடு கொடுத்துத் தபாலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பதிவு செய்யலாம். பெரிய நிறுவனங்களின் விஷயம் பல நேரம் இங்கேயே முடியும். ஆனால் இது சமரச முயற்சி மட்டுமே, உத்தரவு போடும் அதிகாரம் இதற்கு இல்லை. இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் 2 ஆண்டுக் கெடு நின்றுவிடாது.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை இங்கே வரும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொன்னமராவதி, திருமயம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. அப்பச்சி (அப்பா) வாங்கிய பொருளை அவர் சம்மதத்தோடு பயன்படுத்தும் மகளும் சட்டப்படி நுகர்வோர்தான். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் அங்கேயே மனு கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் கடை இருக்கும் மாவட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், அனுப்பிய கடிதம், ஒப்புகை, படங்கள் இவற்றைச் சேர்த்து மூன்று தொகுப்பு; எதிர்த்தரப்பு ஒன்றுக்கு மேல் என்றால் கூடுதல் தொகுப்பு. இணையம் வழியாகவும் மனு செய்யலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். சட்டம் சொல்லும் காலம் 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் கூடுதலாகும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். கடைப் பலகையில் உள்ள பெயரை எழுதி, பில்லில் உள்ள நிறுவனப் பெயரை விட்டுவிடுவார்கள். குறையுள்ள பொருளைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பழுது பார்த்துவிட்டு வருவார்கள். அதன்பின் குறை எங்கிருந்து வந்தது என்று சோதனையில் சொல்ல முடியாது. மறுவிற்பனைக்கும் பெரிய வியாபாரத்துக்கும் வாங்கியவர்கள் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார்கள். ஆனால் பிழைப்புக்காக வீட்டில் தானே தேன்குழலும் அதிரசமும் செய்து விற்கும் ஒருவர் அதற்காக வாங்கிய மாவரைக்கும் இயந்திரத்துக்கு நுகர்வோராகவே வழக்குப் போடலாம்.

உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. அதற்கு மதுரையில் கிளை உண்டு. கடைக்காரர் மேல்முறையீடு செய்தால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். உத்தரவை மதிக்காமல் இழுத்தடித்தால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்குத் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும், தானாக நடக்காது.