தருமபுரி வெயிலில் நிற்கப்போகும் வீடு

வீடு கட்டும் யோசனையோடு வருகிறவர்கள் இப்போது கைப்பேசி நிறையப் படங்களோடு வருகிறார்கள். வெள்ளைப் பெட்டி வடிவில் ஒரு வீடு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சன்ஷேட் எதுவும் வெளியே நீட்டாத மொழுமொழுச் சுவர். "இதே எலிவேஷன் வேணும் சார்" என்பார்கள். படம் கொண்டுவருவது நல்லதுதான், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீடுகளுக்குப் பிளான் போடுகிறவன் என்ற முறையில் நான் ஒவ்வொருவரிடமும் கேட்பது ஒன்று உண்டு. படத்தில் உள்ள அந்த வீடு எந்த ஊரில் நிற்கிறது?

ஸ்காண்டிநேவிய பாணி என்று சொல்லி வெள்ளைச் சுவர், வெளிர் மரம், பெரிய பெரிய சன்னல்கள் கேட்கிறார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 6 மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீட்டுக்குள் இழுத்து, சுவரில் பட்டுத் தெறிக்கவிட வேண்டிய தேவை அவர்களுக்கு. தருமபுரி 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் இன்னொரு தடவை, நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நமக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அதை எப்படி மட்டுப்படுத்தி உள்ளே விடுவது என்பதுதான் நம் வேலை.

இன்று ஊருக்கு ஊர் முளைக்கும் வெள்ளைப் பெட்டி வீடுகளுக்கு முன்னோடி என்று கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே பாரிஸ் அருகே கட்டிய வில்லா சவோயைச் சொல்லலாம். 1931இல் முடிந்த அந்த வீடு உலகப் புகழ் பெற்றது. அதன் தட்டைக் கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரம்மா அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் இன்னொரு கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1951இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு நான்கு பக்கமும் கண்ணாடி. கோடையில் அந்த வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. குளிரான இல்லினாய்ஸிலேயே அப்படி என்றால் நம் பாலக்கோட்டில் என்ன ஆகும்? அதே கார்பூசியே சண்டிகருக்கு வந்தபோது கண்ணாடிக்கு முன்னால் ஆழமான கான்கிரீட் நிழல் தடுப்புகளை வைத்தார். இடத்துக்குத் தக்கபடி கட்டடம் மாற வேண்டும் என்பது அந்தப் பாணியை உருவாக்கியவருக்கே தெரிந்த விஷயம்.

நம் வீடுகளில் வெயில் உள்ளே வரும் பெரிய வழிகள் இரண்டு: மொட்டை மாடி, மேற்குச் சுவர். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மேற்குச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெற்கிலும் வடக்கிலும் நண்பகல் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் 2 அடி சன்ஷேட் சன்னலை நன்றாகக் காப்பாற்றிவிடும். மேற்கில் அப்படி இல்லை. சாயங்காலம் நாலு, நாலரைக்குச் சூரியன் 30 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது அதே 2 அடி சன்ஷேட் தருவது ஓர் அடிக்குச் சற்று அதிகமான நிழல்தான். 4 அடி சன்னலில் பாக்கி மூன்று அடியும் வெயிலில் நிற்கும். சுவர் என்ன செய்கிறது? 9 அங்குலச் செங்கல் சுவர் பிடித்த சூட்டை உடனே உள்ளே விடாது. ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் விடும். மூன்று மணிக்கு ஏறிய சூடு, நாம் படுக்கும் ஒன்பது பத்து மணிக்கு அறைக்குள் இறங்கும்.

இப்போது நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். பெரிய படுக்கை அறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டிலேயே அதிகச் சூடு வாங்கும் மூலை அது. வாஸ்து பார்க்கலாமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. குடும்பத்துப் பெரியவர்களுக்கு அது நிம்மதி என்றால் அறை அங்கேயே இருக்கட்டும். அந்த மேற்குச் சுவரை மட்டும் தனியாக நிற்க விடாதீர்கள். கழிவறையையோ மாடிப்படியையோ வெளிப்பக்கமாக ஒட்டி வைக்கலாம். அதற்கு இடமில்லை என்றால் உள்ளே அந்தச் சுவர் முழுக்க அலமாரி வரட்டும், கட்டிலின் தலைமாட்டை வேறு சுவருக்கு மாற்றுங்கள். பெரிய சன்னலைத் தெற்கில் வையுங்கள்.

மேற்கை ஒரேயடியாக அடைத்துவிடவும் முடியாது, ஆடிக் காற்று வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். ஓட்டை ஓட்டையாகக் கட்டும் ஜாலிச் சுவர் இங்கேதான் உதவுகிறது. சுடுமண் ஜாலியோ சிமென்ட் ஜாலியோ, சன்னலுக்கு இரண்டடி வெளியே ஒரு மறைப்பாக நின்றால் சாய்வெயில் அதில் பட்டு நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். எலிவேஷனுக்கு அழகு வேண்டும் என்று ஏசிபி ஷீட் என்கிற அலுமினியப் பலகையை ஒட்டுவதற்கு ஆகும் பணத்தில் இதைச் செய்துவிடலாம். அந்தி வெயிலில் ஜாலியின் நிழல் தரையில் விழுவது எந்த வால்பேப்பரிலும் கிடைக்காத அழகு என்பது என் அபிப்பிராயம்.

மொட்டை மாடிக்கு வருவோம். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு குறையும் என்று நம்பிப் பலர் செலவு செய்கிறார்கள். ஓரளவு குறையும்தான், ஆனால் கான்கிரீட் சூட்டை வாங்கி முடித்த பிறகு தடுக்கிற வேலை அது. வெளியிலேயே தடுப்பதற்குச் செலவும் குறைவு, பலனும் அதிகம். சுண்ணாம்பு வெள்ளையடித்தாலே வித்தியாசம் தெரியும், மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் டைல் நீண்ட நாள் நிற்கும். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டையான சுடுமண் ஓட்டைப் பாவிய தளம் இருக்கும். அதை இன்றும் நன்றாகச் செய்யும் கொத்தனார்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய இரண்டு முறைகளை இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபில்லர் ஸ்லாப் என்றால், தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாத இடங்களில் மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பது. கான்கிரீட் மிச்சம், சூடும் குறைவு, அண்ணாந்து பார்த்தால் ஓட்டு வீட்டின் அழகும் வரும். எலிப்பொறிக் கட்டு என்றால் செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி, சுவருக்குள் காலி இடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், உள்ளே நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். இரண்டும் அருமையான முறைகள். ஆனால் செங்கல் ஒரே அளவில் இல்லாவிட்டால் எலிப்பொறிக் கட்டு சரியாக உட்காராது. ஃபில்லர் ஸ்லாபுக்குக் கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். காணொளியைக் காட்டி மேஸ்திரியைச் செய்யச் சொல்லும் வேலை இல்லை இது. சிறிய அறை ஒன்றில் முதலில் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதிதான். அங்கே மார்கழி இரவு நன்றாகவே குளிரும். கிழக்கிலும் தெற்கிலும் தாராளமாகச் சன்னல் வைத்துக் காலை வெயிலை உள்ளே விடலாம். ஓசூரில் பார்த்த வீட்டை அரூரில் அப்படியே கட்டக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

செட்டிநாட்டு பாணி மீதும் இப்போது ஆசை அதிகம். தூண், ஆத்தங்குடி டைல், நடுவில் முற்றம். தூணையும் டைலையும் வாங்கிவிட்டு முற்றத்தின் வேலையை மறந்துவிடுகிறோம். முற்றம் சூடான காற்றை மேலே வெளியேற்றுகிற இடம். குரங்குக்கும் மழைக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டுச் சுற்றிலும் சீல் வைத்தால் நடுவீட்டில் ஓர் அடுப்பைத்தான் கட்டிக்கொள்கிறோம். ஷீட் வேண்டும் என்றால் சுவரிலிருந்து ஓரடி தூக்கி, நான்கு பக்கமும் கம்பி வலை போட்டுக் காற்றுப் போக வழி விடுங்கள். ஆத்தங்குடி டைல் சிமென்ட்டால் ஆனது, ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும்.

ஆசிட் பேச்சு வந்ததால் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டீரியர் படங்களில் வரும் கறுப்பு மேட் குழாய்கள், குளியலறைக் கண்ணாடித் தடுப்பு, பளபளக்கும் கருநிற டைல் எல்லாம் நம் போர் தண்ணீரில் சில மாதங்களிலேயே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். வெளிர் நிறமும் சாதாரணக் குரோம் குழாயும் இங்கே நிம்மதி. கண்ணாடிக்குப் பதில் பாதிச் சுவர் எடுத்து டைல் ஒட்டுங்கள்.

உப்பைவிடப் பெரிய விஷயம் புளோரைடு. நம் பாறையில் இருக்கும் கனிமங்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பற்களில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் இந்த மாவட்டங்களில் பல தலைமுறையாகப் பார்த்தவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மழைநீரில் இந்தப் பிரச்சினை இல்லை. இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மாடியில் சேதாரம் போகவே 60,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்று வைத்தால், ஐந்து மாத வறட்சிக்கு 4,000 லிட்டர் போதும். 5,000 லிட்டர் தொட்டி ஒன்றை வெளிச்சம் படாமல் மூடிக் கட்டி, முதல் மழையை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வழியாகப் பிடியுங்கள். குடிக்கும் முன் கொதிக்க வையுங்கள். குடிநீர் பிடிக்கும் தளத்தில் பெயின்ட் பூச்சு வேண்டாம், தட்டோடு அல்லது டைல் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அனுமதிக்காக ஒரு குழியைக் காட்டிவிட்டு மறந்துபோகிற வழக்கத்தை நம் வீட்டிலிருந்தாவது நிறுத்தலாம்.

கிரானைட் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். கிருஷ்ணகிரி வட்டாரப் பட்டறைகளில் அறுத்து மீந்த துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அளவு பார்த்துச் சேர்த்தால் திண்ணை, சமையல் மேடை, சன்னல் அடிக்கல் எல்லாம் முடிந்துவிடும். வாசற்படிக்கு மட்டும் பாலிஷ் போட்ட கல் வேண்டாம். மழை நாளில் முதலில் வழுக்கி விழுவது வயதானவர்கள்தான். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் ஃபினிஷ் கல்லைக் கேட்டு வாங்குங்கள்.

பட்ஜெட் இடிக்கும்போது பலர் முதலில் வெட்டுவது சன்ஷேடையும் மாடித் தளத்தையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபால்ஸ் சீலிங்கும் டிவிச் சுவர் அலங்காரமும் இரண்டு வருடம் கழித்துக்கூட வரலாம். சன்ஷேடின் அடிப்பக்கம் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது நீளமான பள்ளக் கோடு, விடச் சொல்லுங்கள். அது இருந்தால் மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். செலவே இல்லாத வேலை, வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடுகள் விழாமல் காக்கும்.

ஏற்கெனவே கட்டி முடித்து, இரவு முழுக்க ஏசி ஓடினாலும் அறை குளிரவில்லை என்கிறவர்கள் முதலில் மாடிக்கு வெள்ளையடியுங்கள். அப்புறம் மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், உள்ளே போடும் திரைச்சீலையைவிட அது நன்றாக வேலை செய்யும். இடம் இருந்தால் மேற்கில் ஒரு புங்கன் அல்லது வேம்பு வையுங்கள். புரட்டாசி மழை தொடங்கும்போது கன்று நட்டால் பிடித்துக்கொள்ளும். குழியைச் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி எடுங்கள், செப்டிக் டேங்க் பக்கம் வேண்டாம்.